நீலக்கவசத்தின் கடைசிப் பத்து நிமிஷம்

திராட்சைச் சாறு காய்ந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மெல்ல ஒரு சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டத்தில் திராட்சை வெட்டு முடிந்து வருகிற என் அக்கா செல்வி, அந்த விரல்களைக் கழுவக்கூடப் போகாமல், கத்தரியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல்களைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டே, "ம், சொல்லு. என்ன ஆச்சு?" என்பாள். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அன்று காலை டிவியில் வந்த "நீலக்கவசம்" கதையை.

பிள்ளைகளே, இது தொண்ணூற்றெட்டாம் வருஷம். நான் காமயகவுண்டன்பட்டியில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். "நீலக்கவசம்" இந்தியில் எடுத்துத் தமிழில் பேசவிட்ட தொடர் என்பதால் வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு ஒரு பக்கம் வரும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அரை மணி நேரம். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. இரண்டு வீடு தள்ளி இருந்த மாமா வீட்டு முன்னறையில் முப்பது பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். மாடியில் ஒருவன் நின்று ஆன்டெனாக் கம்பியைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்திக்கொண்டிருப்பான். கொஞ்சம் மேற்கே திரும்பிவிட்டால் மலையாளச் செய்தி வந்துவிடும்.

கதை இதுதான். நீலன் என்கிற ஏழைப் பையனுக்கு ஒரு நீலக் கவசம் கிடைக்கிறது. போட்டால் பறக்கலாம், மலையைத் தூக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை போட்டுக் கழற்றும்போதும் தனக்கு வேண்டிய ஒரு ஆளை அவன் மறந்துபோவான். முதலில் வாத்தியாரை மறந்தான், பிறகு கூட்டாளியை மறந்தான், பாதி வருஷத்தில் பெற்ற தாயையே மறந்தான். அவனுக்கு ஒரு அக்கா உண்டு. வருஷக் கடைசியில் அவன் நினைவில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் பக்கத்தில் திராட்சை ஒரே மாதத்தில் பழுத்து ஓய்கிற பயிர் இல்லை. இந்தத் தோட்டத்தில் வெட்டு முடியும்போது அடுத்த தோட்டத்தில் பழம் தயாராக இருக்கும். கேரளாவுக்குப் போகிற லாரி ஞாயிறு மதியம் கிளம்பினால்தான் திங்கள் சந்தைக்குப் போய்ச் சேரும். அதனால் ஞாயிறுதோறும் விடிந்ததும் வெட்டு இருக்கும். எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட செல்வி அக்கா அந்த வெட்டுக்காரப் பெண்களோடு போவாள். எட்டாவது வரை அவள்தான் வகுப்பில் முதல் ரேங்க். ஆகவே "நீலக்கவச"த்தின் ஒரு வாரத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் என் வாயால் கேட்டதுதான்.

கேட்டு முடித்ததும் மார்க்குப் போடுவாள். "நீ பள்ளிக்கூடத்துக்கு மார்க்கு வாங்கப் போற. நான் போடுறவ" என்பாள். பத்துக்கு இவ்வளவு என்று இரண்டு மார்க்கு: ஒன்று கதைக்கு, இன்னொன்று சொன்னதுக்கு. கதைக்கு மார்க்குக் குறைந்தால் எனக்கு வருத்தமில்லை. சொன்னதுக்குக் குறைந்தால் அன்று சோறு இறங்காது. ஒரு தடவை, கதை சப்பென்று இருந்த வாரம், நீலன் ரயிலைத் தாங்கிப் பிடித்ததாக நானே ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அக்கா விரல் பிரிப்பதை நிறுத்தினாள்.

"எந்த ரயிலுடா? கரி ரயிலா, டீசல் ரயிலா?"

"டீசலு" என்றேன்.

"எத்தன பொட்டி?"

நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"சொன்னதுக்கு சைபர். ஏண்டா, நான் பாக்காதவதானே? நீ பொய் சொன்னா நான் எங்கன போயி நெசத்தத் தேடுவேன்?"

அதன் பிறகு நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்த்ததில்லை.

கடைசி ஐந்து வாரங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், எல்லாம் நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு வாரம் பழைய காட்சிகளையே திரும்பக் காட்டி ஒப்பேற்றினார்கள். கொடியவன் காரிருளன் அணையை உடைக்கப் போவதாகச் சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினான். அணை அட்டையில் செய்தது என்பது எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் பெரியாற்று அணைத் தண்ணீரில் விளையும் ஊர்க்காரர்கள், அணை எப்படி இருக்கும் என்று எங்களுக்கா தெரியாது? நீலன் பறக்கும்போது இடுப்பில் கயிறு தெரிந்தது. ஆனால் மூன்றாவது வாரம் பிடித்துக்கொண்டது. நீலனுடைய அக்காக்காரி கவசத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். "இத்தனை நாள் ஊரைக் காப்பாத்தினது போதும். என்னையும் மறந்துட்டா உன்னை யாருன்னு உனக்குச் சொல்ல ஆளே இருக்காது" என்று அவள் சொன்ன இடத்தில் மாமா வீட்டு முன்னறையில் ஒருவரும் இருமவில்லை. அதற்குச் செல்வி அக்கா ஒன்பது போட்டாள். ஒரு மார்க்கை ஏன் குறைத்தாய் என்று கேட்டதற்கு, "அரிசிப் பானைய தெனம் தொறக்கணும்ல? ஒளிக்கிற எடமா அது?" என்றாள்.

அக்கா வழியாகக் கதை தோட்டத்துக்கும் போனது. பந்தலுக்கு அடியில் வெட்டுகிற பெண்களுக்கு அவள் சொல்வாளாம். வெட்டுக்காரர்களுக்குத் தலைவி பேச்சியம்மா அத்தை. "மறந்துபோற கவசமா? அத வாங்கி எம் மாமியாளுக்கு மாட்டுங்கடி. எம்மேல இருக்கிற கோவத்தையாச்சும் மறப்பாக" என்று அத்தை சொன்னதில் அன்று வெட்டே அரை மணி நேரம் தாமதம் என்று அக்கா வந்து சிரித்தாள்.

நான்காவது வாரம், அணை விரிசல் விட்டு, நீலன் பானைக்குள் கைவிடுவதோடு நின்றது. மறுவாரம் முடிவு, ஒரு மணி நேரம் என்று அறிவிப்பு வேறு. நான் சொல்லி முடித்ததும் அக்கா மார்க்குப் போடவில்லை. எழுந்துபோய் அய்யா முன்னால் நின்றாள். அய்யா என்றால் எங்கள் அப்பா.

"அய்யா, வர்ற வாரம் நம்ம தோட்டத்து வெட்டுதான? எனக்குப் பதிலா தம்பி வெட்டட்டும். ஒரு வாரம். அந்தக் கடைசியை மட்டும் நான் பாத்துக்கிறேன்."

"டிவியில பறக்கிறவன் வந்து நம்ம பெட்டிய லாரியில ஏத்துவானா?" என்றார் அய்யா.

"ஏத்த மாட்டான். தம்பி ஏத்துவான்."

அக்கா அதுவரை எதுவும் கேட்டதில்லை. பள்ளியை நிறுத்தியபோதுகூடக் கேட்கவில்லை. அய்யா சரியென்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். ஐம்பத்தோரு வாரம் பார்த்த நான் கடைசி வாரத்தை விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என்னை யாரும் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிறு விடியற்காலை அக்கா கத்தரியை என் கையில் கொடுத்துப் பாடம் எடுத்தாள். கொத்தின் காம்பைப் பிடி, பழத்தில் விரல் படக்கூடாது, அழுகல் மணியைக் கிள்ளிப் போடு, பெட்டியில் தாள் விரித்து மெதுவாக வை. எல்லாம் அப்படியே செய்தேன். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றாது. பழுத்த திராட்சையின் மேல் மாவு தூவினது போல வெளுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அது கலையாமல் இருந்தால்தான் பழம் புதுசு என்று அர்த்தம், இரண்டு நாள் தாங்கும். நானோ அது பத்து நாளைக்கு முன் அய்யா அடித்த மருந்து என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாக, ஒவ்வொரு கொத்தையும் காம்பில் பிடித்தபடியே, சட்டையால் பளபளவென்று துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். மூன்று பெட்டி. கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னின. எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

பத்தரை மணிக்கு மலையாளத்து லாரிக்காரர் வந்து முதல் பெட்டியைத் திறந்தார். "அய்யோ! இது ஆராணு துடைச்சது? பொடியெல்லாம் போயல்லோ மோனே! நாளைக்கு இது நிக்காது" என்று கையை உதறினார். பேச்சியம்மா அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, வெட்டச் சொன்னா குளிப்பாட்டி வச்சிருக்க. பொட்டு வைக்க மறந்துட்டியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. பந்தலில் கால்வாசி இன்னும் வெட்டாமல் இருந்தது. கெட்டுப்போன மூன்று பெட்டிக்கு ஈடாக அதில் நல்ல கொத்தாகப் பொறுக்கிச் சீக்கிரம் வெட்டினால்தான் லாரி காத்து நிற்கும்.

"ஓடு. அக்காவக் கூட்டியா."

வாய்க்கால் கரையோடு ஓடினேன். மாமா வீட்டு வாசலில் போய் நின்றபோது கடிகாரம் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். உள்ளே முப்பது தலைகளுக்கு நடுவே அக்கா. தலைக்குக் குளித்து, வெட்டுக்கு உடுத்தாத பாவாடை உடுத்தி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் நீலன் கவசத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் அக்காள் அவன் கையைப் பிடித்திருந்தாள். அப்போது விளம்பரம் போட்டார்கள்.

"அக்கா" என்றேன். திரும்பினாள். என் சட்டையெல்லாம் திராட்சைக் கறை. "தொடச்சுட்டேன். மூணு பெட்டி. அய்யா வரச் சொன்னாக" என்றேன்.

அவள் திட்டவில்லை. ஒரு தடவை டிவியைப் பார்த்தாள். சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து என் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

"அங்கன நான் பாத்துக்கிறேன். நீ இங்கன இருந்து பாத்துட்டு வந்து சொல்லு. ஒண்ணையும் விடக்கூடாது."

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். தரை சூடாக இருந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தில் நீலன் கவசத்தைப் போட்டான். அணையைத் தோளால் தாங்கினான், காரிருளனை வெள்ளத்தில் தள்ளினான். ஊர் பிழைத்தது. கவசத்தைக் கழற்றினான். மறுநாள் சந்தையில் அவன் அக்காள் எதிரே வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்து, "அம்மா, இங்கே பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டான். அவள் கையை நீட்டிக் காட்டினாள், அவன் பஸ் ஏறிப் போகும் வரை அங்கேயே நின்றாள். அவ்வளவுதான். எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னாலிருந்து ஒருவன், "என்னடா, மறந்துட்டானா?" என்றான். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், கயிறு தெரிந்த அந்தத் தொடரில் குறையே சொல்ல முடியாத இடம் அது ஒன்றுதான்.

தோட்டத்துக்கு நடந்து போனேன். வெட்டு முடிகிற நேரம். பந்தலுக்கு அடியில் அக்கா அந்த நல்ல பாவாடையோடு வெட்டிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மா அத்தைதான் முதலில் கேட்டார்: "என்னலே, போட்டானா போடலியா?"

"போடல" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. "கவசத்தத் தூக்கி அணையில எறிஞ்சுட்டான். அத எடுக்கக் குதிச்ச காரிருளன் முங்கிட்டான்."

"அப்படிப் போடு! கூடப் பொறந்தவளவிடக் கவசமா பெருசு?" என்றார் அத்தை.

அக்கா கத்தரியை நிறுத்தவில்லை. "அக்காளும் தம்பியும்?"

"வீட்டுக்குப் போயிட்டாக."

"எதுல போனாக?"

"பஸ்ஸுல."

கத்தரி நின்றது. பறக்கிற ஆள் பஸ்ஸில் ஏன் போனான், எந்த பஸ், யார் டிக்கெட் எடுத்தது என்று அடுத்து வரப்போகிற கேள்விகளுக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் சட்டைக் கறையைப் பார்த்தாள். பிறகு ஒரு கொத்தைக் காம்பில் பிடித்து வெட்டி, மாவு கலையாமல் பெட்டியில் வைத்தாள்.

"கதைக்கு ஆறு" என்றாள்.

சொன்னதுக்கு மார்க்குப் போடவில்லை. அன்றைக்கும் போடவில்லை, அப்புறமும் போடவில்லை. நான் துடைத்த மூன்று பெட்டியை ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, சுருளிப்பட்டி ரோட்டில் வைத்து, அருவிக்குப் போகிறவர்களிடம் விற்றுவிட்டு வந்தார். பளபளப்பாக இருக்கிறதென்று எல்லாரும் விரும்பி வாங்கினார்களாம்.

இப்போது எனக்குக் கம்பத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. நடுநடுவே பிள்ளைகளுக்காக இப்படி ஏதாவது எழுதுவதும் உண்டு. போன மாதம் என் மகள் ஏதோ ஒரு வீரனின் கடைசி ஐந்து பாகங்களையும் ஒரே மத்தியானத்தில் செல்போனில் பார்த்து முடித்தாள். சண்டை இல்லாத இடங்களை விரலால் தள்ளிவிட்டாள். "முடிவு சுமார்ப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு "நீலக்கவசம்" ஞாபகம் வந்து அவளையே தேடச் சொன்னேன். முதல் ஏழு வாரங்களை யாரோ மங்கலாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். மற்றது எங்கும் இல்லை. கூட உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேட்டேன். ஒருவன் நீலன் செத்துப்போனான் என்கிறான், இன்னொருவனுக்கு அப்படி ஒரு தொடரே நினைவில்லை. பேச்சியம்மா அத்தை இருந்திருந்தால் நான் சொன்ன பொய்யைத்தான் சொல்லியிருப்பார். அந்த முடிவு இனி என் ஒருவனிடம்தான் இருக்கிறது.

செல்வி அக்கா இப்போது ஓடைப்பட்டியில் இருக்கிறாள். வெட்டுக்கு ஆள் கூட்டிப்போவது அவள்தான். நான் எழுதுவது எதுவானாலும் வாங்கிப் படிப்பாள். பிள்ளைகளே, உங்களுக்கென்று ஆரம்பித்த இதில் கடைசி நாலு வரி மட்டும் அவளுக்கு.

அக்கா, அவன் கவசத்தைப் போட்டான். மறந்துவிட்டான். பஸ்ஸுக்கு வழி கேட்டவன் அவன்தான், காட்டியவள் அவன் அக்காள். தான் யார் என்று அவள் சொல்லவில்லை. அவன் பஸ் ஏறிப் போகும் வரை சந்தையிலேயே நின்றாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. சொன்னதுக்கு எவ்வளவு?