கூப்பிட ஒரு பெயர்

அம்மை குத்தும் வேலையில் மலை ஊர்களெல்லாம் நான் நடந்த காலத்தில், கூக்கால் என்ற ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, குளிருக்குத் தலையோடு சுற்றிய கம்பளி. யாரிடம் பேசினாலும் பூண்டு உரிக்கும் கை மட்டும் நிற்காது.

அவள் கைக்குழந்தைக்கு அம்மை குத்திவிட்டு, பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டேன். "செத்துப்போன எங்கய்யா பேருதாங்க," என்றான் கணவன். "அது வேண்டாமுங்க," என்றாள் அவள். பேசி முடித்து வையுங்கள் என்று இறங்கிவிட்டேன். குத்திய இடம் கொப்புளித்திருக்கிறதா என்று பார்க்க எட்டாம் நாள் மறுபடி அத்தனை தூரம் ஏறிப் போனால், அதே பேச்சு, அதே பூண்டு.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "செத்துப்போன மாமனார் மேல அப்படி என்னம்மா கோவம்?" என்று கத்தினேன்.

அப்போதுதான் அவள் கை நின்றது. "கோவமா? மாமனார் பேரை நான் வாயால சொல்லலாமுங்களா? அதையே வச்சுட்டா, ஊரெல்லாம் எம்புள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிடும். பெத்தவ நான் என்னன்னுங்க கூப்பிடறது?"

"ஏலேன்னு கூப்பிடேன்," என்றான் கணவன்.

"மாட்டையும் அப்படித்தான கூப்பிடுறீக!"

'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதிவிட்டு, இருவரையும் வைதுகொண்டே மலையிறங்கினேன்.

பழனியில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே மனைவியின் குரல் கேட்டது: "பெரியவனே, சாப்பிட வெரசா வா!"

எங்கள் மூத்தவனுக்கு என் அப்பாவின் பெயரை வைத்தவன் நான். ஒன்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நானும் கவனித்ததில்லை.