யெர்கினிலிருந்து கொங்ஸ்வொல் வரை, றெஜினா அக்காவோடு

அமெரிக்காவின் பதினான்கு மாநிலங்களைக் கடந்து போகும் அப்பலாச்சியன் நெடும்பாதையில் ஒரு துண்டாவது நடக்க வேண்டும் என்பது என் ஆசை. நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்த பிறகும் அதே பேச்சுதான். நகரின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் பக்கத்து வீட்டு றெஜினா அக்கா ஒருநாள் கேட்டார்: "அதுக்கேன் அமெரிக்கா? இஞ்சை ஒஸ்லோவிலயிருந்து துரொன்ஹைம் மட்டும் பழைய பாதை ஒண்டு போகுது. அந்தக் காலத்துச் சனம் அங்கயிருக்கிற ஒரு புனிதரின்ட கல்லறைக்கு நடந்து போனது. அதில ஒரு துண்டு நடப்பமே?"

அக்கா மன்னார்க்காரர், பாலர் பள்ளியில் வேலை. அந்த வசந்தத்தில்தான் அவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்திருந்தது. முடி விரலளவு வளர்ந்திருந்தது. மருத்துவர் நடக்கலாம் என்றுவிட்டாராம். கணவர் அன்ரன் அண்ணனுக்கு மட்டும் மனமில்லை.

2007 ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். முழுப்பாதை அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். நாங்கள் எடுத்துக்கொண்டது டோவ்ர மலையில் யெர்கின் முதல் கொங்ஸ்வொல் வரை, சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில் நிற்கும் என்பதுதான் வசதி. ஒஸ்லோவிலிருந்து காலை ரயிலில் யெர்கினுக்கு நாலரை மணி நேரம்.

இறங்கியதுமே ஏற்றம். மரமே இல்லை; பாசியும் கல்லும் காற்றும்தான். சிலுவைக் குறி போட்ட மரக்கம்புகள் வழி காட்டுகின்றன. அக்கா மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் நின்று படம் எடுத்தேன்.

"ஒவ்வொரு கல்லையும் படம் எடுக்கத் தேவையில்லை, சுதா. களைச்சா நான் சொல்லுவன்."

உச்சி ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு மீட்டர். முழுப்பாதையிலும் உயரமான இடம் அதுதான். அதைத் தாண்டி இறங்கும்போது, பாதையில் கிடந்த பழுப்புப் பாறை ஒன்று எழுந்து நின்றது. கஸ்தூரி எருது. தரையைத் தொடும் மயிர், வளைந்த கொம்பு. இருநூறு மீட்டருக்குள் போகக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. உட்கார்ந்து காத்திருந்தோம். அது நகர்வதாக இல்லை. கீழே சதுப்பு வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும்.

"திரும்பிடலாம் அக்கா. யெர்கின்லயே ரயில் பிடிச்சுக்கலாம்."

அக்கா பையின் வாரை இறுக்கினார். "ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் ஆரோ என்னைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டிக்கொண்டு வந்தவை. இண்டைக்கு நானா ஒரு இடத்துக்குப் போய்ச் சேரவேணும்." சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார்.

சதுப்பில் கணுக்கால் வரை தண்ணீர். பாதியில் அக்காவின் கால்கள் நின்றுவிட்டன. ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் செபத்தில் அசைந்தன. கைபேசியில் சிக்னல் இல்லை. தேங்காய்ச் சம்பல் தடவிய ரொட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "வாரும்."

கொங்ஸ்வொல் நிலையத்தில் ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணனை அழைத்தார். "ஓம், வந்து சேர்ந்திட்டம். களைப்பெல்லாம் இல்லை." அவர் பாரம் முழுவதும் என் தோளில்தான் இருந்தது.

"ஏன் அக்கா பொய் சொல்றீங்க?"

"மனுசன் காலமையிலயிருந்து சாப்பிட்டிருக்காது. முதல்ல சாப்பிடட்டும்."

போக நினைப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். டிக்கெட்டை முன்பே வாங்கினால் மலிவு. கொங்ஸ்வொல்லில் ரயில் தானாக நிற்காது, கை காட்ட வேண்டும். மாற்றுக் காலுறை இரண்டு சோடி அவசியம். எருதுக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் இன்னொரு துண்டு நடந்தோம். அன்ரன் அண்ணனும் வந்தார். அக்காவும் நானும் ஒவ்வொரு ஏற்றத்திலும் அவருக்காகக் காத்து நின்றோம்.