எழுந்து நிற்கச் சொன்ன வாத்தியார்

சங்கரன்கோவிலில் ஞானஒளிவு சாரின் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் விசைத்தறிகள் நாள் முழுக்கத் தடதடக்கும். அதையும் மீறி அவர் நடத்தும் பாடம் ரோடு வரை கேட்கும். இருபத்தாறு வருஷமாகச் சமூக அறிவியல் நடத்துகிறார். வேதக்காரர்தான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் சமத்துவப் பாடம் வந்துவிட்டால் சாமி வந்தது மாதிரி ஆடுவார். பிறப்பில் ஏது உயர்வு தாழ்வு என்று மேஜையைத் தட்டி அவர் கேட்கும்போது கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சிகூட நிமிர்ந்து உட்காருவான்.

அதே வாத்தியார் அதே வாயால் வருஷத்துக்கு ஒருமுறை இன்னொன்றும் சொல்வார். உதவித்தொகைப் பட்டியல் ஆபீஸிலிருந்து வந்ததும், "எஸ்.சி. பிள்ளைகள் மட்டும் எந்திச்சு நில்லுங்க" என்பார். தலையை எண்ணி விண்ணப்பப் பாரம் கொடுத்து உட்காரச் சொல்வார். பிள்ளைகளுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பில், அதில் ஒரு குறையும் அவருக்குத் தெரிந்ததில்லை. நல்ல மனுஷர். அதுதான் கொடுமை.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் சமத்துவப் பாடம் நடத்திவிட்டு அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பட்டியல் வந்துவிட்டது. வழக்கம்போலச் சொன்னார். பதினோரு பேர் எழுந்தார்கள். பட்டியலில் இருந்ததோ பன்னிரண்டு பெயர்.

"இசக்கிப்பிரியா, எந்திரி."

அந்தப் பிள்ளை அசையவில்லை. குருவிகுளம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். கூலி வேலை பார்க்கும் காசியின் மகள். அன்று மாலைக்குள் பாரம் போகாவிட்டால் அந்த வருஷத்து உதவி கிடையாது. உதவி இல்லையென்றால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அது சாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு தரம் கூப்பிட்டும் அவள் எழவில்லை.

இடைவேளையில் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போய்ச் சத்தம் போட்டார்.

"ஏட்டி, உன் நல்லதுக்குத்தான சொல்லுதேன்? பாரம் வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா எந்திக்க மாட்டேன்."

"எந்திச்சா என்ன கொறஞ்சு போயிருவ?"

"எங்கம்மாவும் இங்கனதான் சார் படிச்சா. ஒம்பதாப்புல நீங்கதான் எந்திக்கச் சொன்னிய. மறுநாள் பக்கத்துல இருந்த பிள்ளை சோத்துத் தட்டைத் தூக்கிட்டு வேற இடத்துக்குப் போயிட்டு. அதுக்கப்புறம் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வரல."

சொல்லும்போது அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

சார் அவள் அம்மாவின் பெயரைக் கேட்டார். எவ்வளவு யோசித்தும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை எழுப்பி நிறுத்தியிருப்பார்! படிப்பே போனாலும் போகட்டும் என்று ஒரு பதினாலு வயசுப் பிள்ளை பெஞ்சை விட்டு அசையாமல் இருந்திருக்கிறாள். தொண்டை கிழிய அவர் நடத்திய பாடத்தை, வாயே திறக்காமல் அவள் நடத்திக் காட்டிவிட்டாள். இந்த ஊரில், இந்த வயதில், இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? வெட்கத்தில் முகம் எரிந்தது. அவளைப் பார்க்கப் பார்க்கக் கைகூப்பத் தோன்றியது.

மத்தியானம் வகுப்புக்குப் போனவர் மேஜையைத் தட்டவில்லை.

"மக்கா, இத்தனை வருஷமா நான் தப்புப் பண்ணிட்டேன். இனிமே யாரையும் சாதியச் சொல்லி எழுப்ப மாட்டேன். இன்னைக்கு எந்திச்சு நின்ன பிள்ளைகளெல்லாம் என்னைய மன்னிச்சிருங்க."

பிள்ளைகள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். பாரங்களை ஆபீஸில் ஒவ்வொருவராகப் போய் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார். இசக்கிப்பிரியாவின் பாரத்தை அவரே சரிபார்த்துச் சேர்த்தார். மணி நாலரைதான் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் அவளை நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வாரேன்மா. உங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வேண்டாம் சார். உங்களைக் கண்டா அம்மா எந்திச்சுல்லா நிப்பா."