உத்திரக்கல்லுக்கு அடியில் என் பொக்லைன்

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் உள்ளே பிரியும் ஒரு கிராமத்துக்கு என் பொக்லைனோடு போயிருந்தேன். வண்டியும் என்னுடையது, ஓட்டுவதும் நானே. சிமென்ட் லாரிகள் போய்வர ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஓரத்தில் நின்ற பழைய கல் மண்டபத்தை இடித்துக் கொடுக்க வேண்டும்.

சாமி சிலை இல்லை, பூசை இல்லை. ஊர்க்காரர்கள் அதில் மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஆடு நுழையாமலிருக்க மூன்று பக்கமும் செங்கல் வைத்து அடைத்து, முன்பக்கம் மட்டும் படல் வைத்து வழி விட்டிருந்தார்கள். படலை எடுத்துச் சோளத்தை அள்ளிக்கொண்டு போன பிறகும் தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நான் பக்கெட்டைத் தூக்கவும், ஒரு ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசுக் குழுவிலிருந்து ஒரு மேடம் இறங்கினார். சின்ன வயது. யாரோ மனு போட்டிருக்கிறார்கள். குழு நேரில் பார்த்து முடிவு சொல்லும்வரை ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாதாம். காப்பாற்ற வேண்டிய மண்டபம் என்று சொல்லிவிட்டால் ரோடுதான் வளைந்து போக வேண்டுமாம். என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்த ரோடு காண்டிராக்டருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கும் எரிச்சல்தான். இடிக்கிறவனுக்கு எல்லாக் கல்லும் கல்தானே!

மேடம் டேப்பும் கேமராவுமாக உள்ளே போனார். நான் இன்ஜினை அணைக்காமல் கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். பேட்டரி வீக். அணைத்துவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், டீ குடிக்கப் போனாலும் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். அது மண்டபத்தை ஒட்டி நின்று தரையை அதிரவைப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மண்டபத்தின் மேலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது. என்னவென்று நிமிர்வதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வாசலுக்கு மேலிருந்த உத்திரக்கல் என் கண்ணெதிரே நடுவில் விரிசல் விட்டுக் கீழே தொய்ந்தது. மேடம் உள்ளே இருக்கிறார், வேறு வழியும் கிடையாது.

யோசிக்கவில்லை. பக்கெட்டை நீட்டி உத்திரக்கல்லுக்கு அடியில் கொடுத்து நிறுத்தினேன். கல் கரகரவென்று உரசி நின்றது. அப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. இன்ஜின் ஓடினால் அதிர்வு. அணைத்தால், ஆயில் கசியாமல் பிடிக்கும் சீல் தேய்ந்துபோன என் வண்டியின் கை தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். இன்ஜின் வேகத்தைக் குறைந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து, லீவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மேடம், வெளிய வாங்க!"

அவர் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். "முடியலங்க... காலு நகர மாட்டேங்குது."

"கல்லப் பாக்காதீங்க மேடம். என்னையப் பாருங்க. அப்படியே உக்காந்து தவழ்ந்து வந்துருங்க."

தவழ்ந்தார். முழங்காலுக்கு அடியில் மக்காச்சோளம் உருண்டு உருண்டு அவரைப் பின்னுக்கு இழுத்தது. வெளியே வர அவர் என் பக்கெட்டுக்குக் கீழேதான் வந்தாக வேண்டும். என் கை ஒரு இம்மி அசைந்தாலும் அந்தப் பெண் நசுங்கிப்போவார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றபோது காண்டிராக்டர் என் கேபின் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"கைய விட்டுரு தம்பி. தானா வுழுந்துச்சுன்னு சொல்லிக்கலாம். ரோட்டுக்கும் தொந்தரவு இல்ல."

பொய் சொல்லவில்லை, அந்த எண்ணம் எனக்கும் வந்தது. லீவரை லேசாகத் தள்ளினால் போதும். ஆனால் மக்காச்சோளத்தின் மேல் அவர் தவழ்ந்து வந்த தடம் அப்படியே தெரிந்தது. அந்த இடத்தில் கல் விழுவதை என் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் ராத்தூக்கம் ஏது?

"முடியாதுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவர் என்னைக் கேவலமாகப் பார்த்துவிட்டுப் போனார். மேடமோ யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். செத்துப் பிழைத்த மனுஷி, அந்த மண்டபத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் கேட்கிறார்! பனங்கட்டைகள் வந்து சேர்ந்து, ஒவ்வொன்றாக நிறுத்தி முடிக்கும்வரை நான் கேபினை விட்டு இறங்கவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் பக்கெட்டைக் கீழே இறக்கியபோது கல் நின்றது. என் கால்தான் நிற்கவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மண்டபம் காப்பாற்ற வேண்டியதுதான் என்று பிறகு குழு முடிவு சொல்லிவிட்டது. ரோடு இப்போது அங்கே வளைந்து போகிறது. லாரிக்காரர்கள் அந்த வளைவைத் திட்டிக்கொண்டே திரும்புகிறார்கள். ஊரில் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். எனக்கல்லவா தெரியும்! அன்றைக்கு அந்தப் பெண்ணையும் அந்த மண்டபத்தையும் விடாமல் தாங்கிப் பிடித்தது என் பயம்தான். ஒவ்வொரு வேலையிலும் பக்கெட்டைத் தூக்குமுன் அந்தப் பயம் வந்து என் கையைப் பிடிக்கிறது, அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் எலுமிச்சம்பழத்தை வைக்கும்போது இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.