நகராத பச்சைக் கோடு

அன்று மாலை ஐந்து மணிக்குள் என் மகளின் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி அது. கடைசி நாள் வரை தள்ளிப்போட்டது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். முதலிலேயே அனுப்பினால் அடுக்கில் அடியில் போய்விடும், கடைசியாக அனுப்பினால் மேலே கிடக்கும் என்பது என் கணக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு அறிவு போதாதா!

கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் நிலம் போனதற்கான காகிதங்களின் அசல் கடலூரில் வக்கீலிடம் இருந்தது. ஸ்கேன் செய்தவை ஒரு சின்ன டிரைவ் பெட்டியில் இருந்தன. கம்ப்யூட்டரில் நேரே செருகுகிற டிரைவ் அல்ல. வைஃபை ரூட்டரிலிருந்து ஒரு வயர் அதற்குப் போகும். வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறந்து பார்க்கலாம். போன் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து அதிலிருந்ததெல்லாம் போன பிறகு, பயந்துபோய் வாங்கியது. பண்ருட்டியில் ஸ்கேன் எடுத்த கடைக்காரரிடம் “எழுத்து மங்காம பெருசா எடுங்க” என்று நான் உயிரை வாங்கியதில், எல்லாப் பக்கமும் சேர்ந்து யானைக்குட்டி கணக்காக ஒரே ஃபைல் ஆனது. மகளுக்கு வேண்டியது அதில் மூன்றே பக்கம்.

இரண்டு மணிக்கு அதைத் திறக்கச் சொடுக்கினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு தோன்றி, கால்வாசி போய், அங்கேயே குடியேறிவிட்டது.

“என்னாம்மா, போவுதா?”

“போவுதுப்பா. நீ இப்பதான கேட்ட.”

நான் சும்மா இருக்கவில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும் என்று ரூட்டரைத் துடைத்தேன். சூடாகியிருக்கும் என்று ஃபேனைத் திருப்பினேன். வைரஸாக இருக்குமோ என்று கேட்டேன். வைரஸ் இருந்திருந்தால் என் பேச்சைத் தாங்க முடியாமல் ஓடியிருக்கும் என்றாள் என் மனைவி.

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர், பெர்மனென்ட்.

“லோடு ஜாஸ்தி மாப்ள. பெல்ட்டுல லோடு ஏறினா இப்படித்தான் திணறும்.”

“எறக்கிக் கொட்ட இது கரி இல்லியே மச்சான்.”

“அப்ப ஒரு கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குடு. ஆளு வந்து பாத்துட்டுப் போவாரு.”

குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் அப்படித்தான் நடக்கும். வடக்குத்து ஊரில் வாடகை வீட்டில் இருக்கிற என்னைப் போன்ற காண்ட்ராக்ட் தொழிலாளி யாருக்கு எழுதுவது? எனக்கே எழுதி, நானே வாங்கி, நானே வந்து பார்க்க வேண்டியதுதான்.

மணி மூன்றரை. மகள் இணையத்தில் ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். தடையில்லாமல் ஓடியது.

“படம் பாக்கற நேரமாம்மா இது?”

“நெட்டு நல்லாருக்குதான்னு பாத்தேன். நல்லாதான் இருக்கு. நீ கொஞ்சம் தள்ளி ஒக்காரு.”

குனிந்து ரூட்டரின் பின்பக்கம் பார்த்தாள். வயர் செருகியிருக்கும் இடத்திலெல்லாம் ஒரு சின்ன விளக்கு உண்டு. கம்ப்யூட்டருக்குப் போகிற வயரின் விளக்கு பச்சை. டிரைவுக்குப் போகிறதில் ஆரஞ்சு, அதுவும் விட்டு விட்டு. அந்த வயரைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது நேராக இரும்புப் பீரோவின் கதவிடுக்கில் போய் நுழைந்தது.

பத்திரம் என்றால் பீரோவில்தான் இருக்கும். பத்திரம் உள்ள டிரைவும் பீரோவில்தான் இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்திருந்தேன். கரண்டு வயரும் இந்த வயரும் வெளியே வர, கதவைச் சாத்தி, இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் பூட்டு விழும். ஒரு வருடமாகத் தினம் காலையும் மாலையும் திறந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இடித்துப் பூட்டியிருக்கிறேன். திருடனுக்குக்கூட இவ்வளவு கடமையுணர்ச்சி இருக்காது.

“சாவியக் குடுப்பா.”

கொடுத்தேன். பீரோவைத் திறந்தாள். கதவிடுக்கில் சிக்கிய இடத்தில் வயர் மெதுவடைக்குத் தட்டியதுபோல நசுங்கி, உள்ளே செம்பு தெரிந்தது.

“கரண்டு வயரு நசுங்கியிருந்தா வூடே எரிஞ்சிருக்கும்,” என்றாள் மனைவி. “அதுக்கும் சேத்து இப்பவே பயந்துக்கினு ஒக்காருங்க.”

ரூட்டரோடு வந்த இன்னொரு வயர், பிரித்தால் வீணாகிவிடும் என்று நான் எடுத்துவைத்தது, கவரோடு அப்படியே இருந்தது. மகள் பல்லால் கிழித்தாள். வயரை மாற்றினாள். விளக்கு பச்சையானது. ஃபைல் கண்மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது.

மூன்று பக்கங்களையும் பிரித்து ஏற்றி முடித்தபோது நான்கு மணி நாற்பது. கடைசிப் பொத்தான்தான் பாக்கி. “இரும்மா, பேரு சரியா பாரு, பொறந்த தேதி பாரு, உங்க தாத்தா பேருல இருக்கிற எழுத்தெல்லாம் பட்டாவுல இருக்கிற மாதிரியே...”

மனைவி குறுக்கே கையை நீட்டி அழுத்திவிட்டாள்.

திரையில் ஒரு நீளமான எண் வந்தது. விண்ணப்பம் பெறப்பட்டது, தகுதியானவர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்படும் என்று மகள் படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தாள்.

“பெறப்பட்டதுன்னுதான போட்டிருக்கு. ஏத்துக்கினாங்கன்னு போடலியே?” என்றேன்.

இருவரும் எழுந்து டீ போடப் போய்விட்டார்கள். நான் அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். சரியாக எழுதினேனா என்று திரையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தேன்.