கைதட்டலுக்கு விட்ட இடங்கள்

ஒரு கருத்தைப் படிப்படியாக உயர்த்தி, உச்சியில் சட்டென நிறுத்தி, அவை அதைத் தன் உள்ளங்கைகளால் ஏற்றுக்கொள்ளும்வரை அசையாமல் நிற்பது எப்படி என்பது பாடசாலை நாள்களிலேயே எனக்குக் கைவந்திருந்தது. திருகோணமலை விவாத மேடைகளில் எதிரணித் தலைவியாக நான் எழுந்தால், பின்வரிசையில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருப்பவர்களும் கையை நிறுத்துவார்கள். இதை நான் அடக்கமின்றியே சொல்கிறேன். வென்ற கேடயங்கள் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டை நிரப்பிவிட்டன. இடமில்லாமற்போன ஒன்றை அம்மா குசினியில் அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருக்கிறார். பொருத்தமான மூடிதான்.

ஆகவே, என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பன் ஒருநாள் மாலை வந்து, "ஒரு அல்பம் செய்யிறம். அதில ஒரு கதை சொல்ல ஆள் வேணும். பாடத் தேவையில்லை, சொன்னாக் காணும்" என்றபோது, அவன் சரியான வீட்டுப் படலையைத்தான் திறந்திருக்கிறான் என்று எண்ணினேன்.

அவன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அருகே காவற்பணி செய்பவன், ராப் பாடுபவன். வேலைத்தலத்துக்குள் கைபேசி கொண்டுபோக ஏலாது என்பதால், நடந்து காவல் காக்கும் நேரமெல்லாம் வரிகளையும் தாள அடிகளையும் மனத்துக்குள்ளேயே கட்டி, வெளியே வந்ததும் மடிக்கணினியில் இறக்கிவைப்பான். அவனுக்குத் துணை, கிண்ணியாவில் படகு இயந்திரம் திருத்தும் ஒருவர். நாங்கள் அவரை நானா என்போம். அவர் கிற்றார் வாசிப்பார். கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த அமெரிக்கக் கன்ட்ரி, ப்ளூஸ் இசை ஒலிநாடாக்களைக் கேட்டே பழகியவர். கம்பிகளின்மேல் வழுக்கி வாசிப்பதற்கு இயந்திரம் கழற்றும் சாவித்தொகுதியிலிருந்து ஓர் இரும்புக் குழலை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிக்கொள்வார்.

ஹிப்ஹொப்பின் அடி, கன்ட்ரியின் தந்தி, ப்ளூஸின் துயரம், எங்கள் ஊர்க் கதை: இந்த நான்கையும் சேர்ப்பதே அவர்களுடைய எண்ணம். துறைமுகத்தைச் சுற்றி வாழ்பவர்களில் ஒரு பாட்டுக்கு ஓர் ஆளின் கதை. 'கவுபாய்களின் இசைக்கும் கிண்ணியாவுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்டவர்களுக்கு நானே விடை சொன்னேன். அந்தப் பாடல்கள் நீண்ட வீதிகளையும், பழைய லொறிகளையும், தொலைவுக்குப் போன மனைவியரையும் பற்றியவை. புல்மோட்டை வீதியில் லொறி ஓட்டும் எவருக்கு அவை அந்நியம்?

லொறி என்றதும் நான் நினைத்தது திரியாயில் இருக்கும் என் மாமாவைத்தான். மாமி பல வருடங்கள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். எசமானி மதியத்தில் உறங்கும் சிறுபொழுதில் மாத்திரமே அவரால் அழைக்க முடியும். அந்த நேரத்தில் மாமா பெரும்பாலும் வத்தகப்பழமோ நெல்லோ ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வரும் வழியில் இருப்பார். வீதியில் ஒரு வளைவு உண்டு. அதைத் தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும். முதலில் சில நாள்கள் பேச்சு அங்கே அறுந்தது. பின்னர், அழைப்பு வந்தால் வளைவுக்கு முன்னாலேயே லொறியை ஓரங்கட்டி, கொளுத்தும் வெயிலில் நின்று பேசத் தொடங்கினார். கடந்து போகும் சாரதிகள் வேகத்தைக் குறைத்துக் கேட்பார்களாம்: "என்ன அண்ணை, இண்டைக்கும் வண்டி நிண்டிட்டுதோ? அவ வாறதெண்டா எப்பவோ வந்திருப்பா. நீங்கள் பழத்தைக் கொண்டுபோய் வில்லுங்கோ."

மாமி வந்தார். வந்து சில நாள்களில் லொறியின் முன்னிருக்கையில் மாமாவின் அருகே அமர்ந்து பட்டணத்துக்கு வந்தார். வளைவை நெருங்கியதும், பழக்கத்தினால், மாமா தன்னையறியாமல் லொறியை நிறுத்தினாராம். இருவரும் பேசாமல் இருந்தார்களாம். இவ்வளவும் மாமா எனக்குச் சொன்னது. இதைச் சொல்லலாமா என்று மாமியிடம் அனுமதி கேட்டேன்.

"சொல்லுறதெண்டாச் சொல்லு பிள்ளை," என்றார், மீன் வெட்டிக்கொண்டே. "ஆனா என்னைப் பாவமெண்டு சொல்லிப்போடாத. சனம் இருந்து அழுறதுக்கு நான் ஒண்டும் செத்துப்போகேல்லை."

வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கோடுதான் பதிவுக்குப் போனேன்.

பதிவு நடந்தது கிண்ணியாவில், ஒரு ரியூசன் வகுப்பின் மேல்மாடி அறையில். கரும்பலகையில் யாரோ விட்டுச்சென்ற முக்கோணக் கணக்கு அப்படியே இருந்தது. சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்துவைத்திருந்தார்கள். நான் ஒலிவாங்கியின் முன்னே நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கதையை முதலிலிருந்து இறுதிவரை ஒரு தடங்கலும் இன்றிச் சொல்லி முடித்தேன். நண்பன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். என் குரல் திரையில் அலைகளாக எழுந்திருந்தது. அலைகளுக்கு நடுவே இடைக்கிடை தட்டையான கோடுகள்.

"மேடை, இஞ்ச வந்து பார்," என்றான். பாடசாலைக் காலத்திலிருந்தே என்னை அவன் அழைக்கும் பெயர் அது. "இதில ஏன் நிப்பாட்டினனீ?"

"அது ஓர் இடைவெளி."

"இதில?"

"அதுவும்தான்."

"ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு நிண்டு ஆரைப் பார்க்கிறாய்? இஞ்ச இருக்கிறது நானும் நானாவும். நாங்கள் கைதட்டுவமெண்டு நிண்டனியோ?"

நானா கிற்றாரின் பக்கம் தலைகுனிந்துகொண்டார். அவர் சிரித்தது தோள்களில் தெரிந்தது.

அவன் சொன்னது உண்மை. நான் கைதட்டலுக்கு இடம்விட்டிருந்தேன். இத்தனை வருடப் பயிற்சியில் அந்த நிறுத்தம் என் மூச்சோடு கலந்துவிட்டிருந்தது. நண்பன் அந்த இடங்களையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, மிஞ்சியதைத் தாளத்தின்மேல் ஏற்றி ஓடவிட்டான். பஸ்ஸைத் தவறவிட்டவள் பின்னால் ஓடிக்கொண்டே கதை சொல்வதுபோல் இருந்தது. இடைவெளியே விடாமல் மறுபடி சொல்லிப்பார்த்தேன். அது அதைவிட மோசம்.

"சரி," என்றான் அவன். "உன்ர கதையை நானே ராப்பாக் கட்டிப் பாடுறன். கதை நல்ல கதை. உன்ர குரல் மட்டும் வேண்டாம்."

பாடிக் காட்டினான். இரண்டாவது வரியிலேயே கண்ணீருக்குத் தண்ணீர் எதுகையாக வந்து நின்றது. மாமி அதைக் கேட்டால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் நான் காக்க எழுந்தது என் குரலை மாத்திரமல்ல. குவைத்திலிருந்து தலைநிமிர்ந்து திரும்பிய ஒரு பெண் அந்தப் பாட்டில் குனிந்து நிற்கக் கூடாது என்பதையும்தான். அரைமணி நேரம் வாதிட்டேன். அவன் எடுத்துவைத்த ஒவ்வொரு காரணத்தையும் உடைத்தேன். இறுதியில் அவன் கைகளை விரித்துவிட்டான்.

நானா அப்போதுதான் வாய் திறந்தார். "வாதத்தில நீங்கதான் தங்கச்சி. அதில பேச்சில்ல. ஆனா பாட்டு இன்னும் சரிவரல்லயே."

அடுத்த வெள்ளி ஜும்மாத் தொழுகைக்குப் பின்னர் இன்னொரு தரம் முயல்வது, அதுவும் சரிவராவிட்டால் கதையை அவனுக்கே விட்டுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. போகும்போது நண்பன் சில பழைய ப்ளூஸ் பதிவுகளை என் கைபேசிக்கு அனுப்பினான். "கேட்டுப் பார். அவங்கள் ஒருத்தரும் கேடயத்துக்குப் பாடேல்லை."

அந்தக் குத்தலோடு பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது முதற் பதிவைக் கேட்டேன். சொற்கள் எனக்குப் பாதிதான் விளங்கின. அந்த மனிதர் ஒரு வரி பாடினார்; நிறுத்தினார். மறுபடி ஒரு வரி, நிறுத்தினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நிறுத்தம் எனக்குத் தெரிந்த நிறுத்தம். நான் விடும் அதே நீளம். வரியின் உச்சியில், மூச்சு முடியும் அதே இடம். ஆனால் அந்த இடம் வெறுமையாக இருக்கவில்லை. அங்கே கிற்றார் புகுந்து ஏதோ சொன்னது. அவர் அதைக் கேட்டார்; கேட்டபின்பே அடுத்த வரிக்குப் போனார். அவர் காத்திருந்தது கைதட்டலுக்கு அல்ல, மறுமொழிக்கு. மறுமொழி கேட்டு நிற்பதற்கு எனக்கு யார் கற்றுத்தர வேண்டும்? எதிரணி இல்லாத மேடையில் நான் எப்போதாவது நன்றாகப் பேசியிருக்கிறேனா? பஸ் பாலத்தைக் கடந்துமுடிக்கும்போது என் வழக்கு முழுமையாகக் கட்டப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அறைக்குள் நுழைந்ததும் நானாவிடம் சொன்னேன்: "நானா, நான் நிப்பாட்டிற இடத்தில எல்லாம் நீங்கள் வாசிக்க வேணும். ஆனா எனக்குச் சார்பா வாசிக்க வேண்டாம். என்னை மறுத்து வாசியுங்கோ."

"கிற்றாரால எப்பிடித் தங்கச்சி மறுக்கிற?"

"அவ திரும்பி வரமாட்டா எண்டு நினைச்சுக்கொண்டு வாசியுங்கோ. அந்த வழியால போற சாரதிமார் மாமாவுக்குச் சொன்ன மாதிரி."

அவர் சற்று யோசித்தார். பின்னர் இரும்புக் குழலை விரலில் மாட்டினார். நண்பன் பதிவைத் தொடக்கினான்.

முதல் வசனத்தைச் சொல்லி நிறுத்தினேன். தந்தியிலிருந்து ஒரு சுரம் புறப்பட்டு, மெல்லச் சரிந்து, பள்ளத்தில் இறங்கி நின்றது. 'வரமாட்டாள்' என்பதை இவ்வளவு திருத்தமாக எந்த மனிதரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அது நல்ல கோபம். இறுதிச்சுற்றுகளில் எனக்கு வருகின்ற கோபம். அடுத்த வசனத்தை அந்தக் கிற்றாரை நோக்கியே சொன்னேன். அது மறுபடி மறுத்தது. மாமி தொலைபேசியில் சிரித்த சிரிப்பைச் சொன்னேன், அது நம்பவில்லை. வளைவுக்கு முன்னால் வெயிலில் கொதித்த பழங்களைச் சொன்னேன். அது ஏளனம் செய்தது. நண்பன் தாளத்தை அடியில் ஓடவிட்டு, கடந்து போகும் சாரதிகளாக இடைக்கிடை கேலி வரிகளை ராப்பில் எறிந்தான். நான் ஒவ்வொன்றுக்கும் விடை கொடுத்துக்கொண்டு போனேன். மாமி முன்னிருக்கையில் ஏறி அமர்ந்த வசனத்தைச் சொல்லி நிறுத்தியபோது, கிற்றாரின் சுரம் முதன்முறையாகக் கீழே சரியாமல் மேல்நோக்கி ஏறியது. அது நானாவின் முடிவு, நான் கேட்டதல்ல.

பதிவு முடிந்ததும் நண்பன் மடிக்கணினியை மறுபடி என் பக்கம் திருப்பினான். "மேடை," என்றான், "வெண்டிட்டாய். ஆனா இதைப் பெரிசா எடுக்காத."

"எடுத்தாச்சு," என்றேன்.

"எனக்கும் ஒண்டு விளங்கிச்சு மச்சான்," என்றார் நானா அவனிடம். "இவவோட கொளுவிறதெண்டா கிற்றார் கையில இருக்க வேணும்."

வெளியீட்டு விழாவைத் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு மண்டபத்தில் வைத்தோம். எங்கள் ஊரில் எது வெளிவந்தாலும் நூல் வெளியீட்டு முறைப்படிதான் வெளிவரும்: மங்கள விளக்கு, வரவேற்புரை, முதற் பிரதி. அல்பமோ அன்று மாலை இணையத்தில் ஏறப்போகிறது. கையில் கொடுக்க ஒன்றுமில்லை. ஆகவே ஒரு பென்டிரைவைத் தட்டத்தில் வெற்றிலையின்மேல் வைத்துக் கொடுத்தோம். முதற் பிரதி பெற்ற பெரியவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட்டைப்படம் எங்க?" என்று கேட்டார்.

மாமாவும் மாமியும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். மாமி புதுச்சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்து, தேர்வு மேற்பார்வையாளரைப்போல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக என் முறை வந்தது. நானா கதிரையில் அமர்ந்தார். நண்பன் தாளத்தைத் தொடக்கினான்.

முதல் வசனத்தைச் சொல்லி நிறுத்தினேன். மண்டபம் நிறைந்திருந்தது, என்னை அறிந்தவர்கள் பலர். எவரும் கைதட்டவில்லை. கிற்றார் மறுத்தது, அவர்கள் அதைக் கேட்டார்கள். நான் விடை சொன்னேன், அதையும் கேட்டார்கள். பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக் கேட்கக்கூடிய அமைதியில் அத்தனை பேரும் ஒரு வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தார்கள். என் மேடை வாழ்வில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு அந்த மௌனம்தான். லொறி வளைவில் நின்றது, இருவரும் பேசாமல் இருந்தார்கள் என்று கதையை முடித்தேன். நானாவின் கடைசிச் சுரம் அடங்கியது.

மண்டபம் கைதட்டத் தொடங்கியபோது, மூன்றாம் வரிசையில் மாமி எழுந்து நின்றார்.

"பிள்ளை, அது பிழை," என்றார்.

கைதட்டல் பாதியில் நின்றது. "ஆர் பேசாம இருந்தது? இவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்," என்று மாமாவைச் சுட்டினார்.

"நான் சும்மா இருந்தனான். அதைத்தான் அவளுக்குச் சொன்னனான்," என்றார் மாமா, இருந்த இடத்திலிருந்தே.

மண்டபம் சிரித்தது. நான் மேடையிலிருந்து இறங்கி ஒலிவாங்கியை மாமியிடம் கொண்டுபோனேன். எதிரணியிடம் என் ஒலிவாங்கியைக் கொடுத்தது அதுவே முதல் முறை. அன்று அதில் எனக்கு ஒரு குறைவும் தோன்றவில்லை. நண்பன் பதிவுப் பொத்தானில் கை வைப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நானாவின் விரல்கள் தந்திகளை மெல்லத் தொட்டன.

"எப்பவும் அந்த இடத்தில கதை அறுந்துபோகும்," என்றார் மாமி, இப்போது மண்டபம் முழுவதற்கும். "சொல்ல வந்ததில பாதி எனக்குள்ளயே கிடக்கும். அதால அண்டைக்கு இவர் லொறியை நிப்பாட்டினோடன சொன்னனான், எடுங்கோ வண்டியை எண்டு. வளைவு தாண்டினது. அதிலயிருந்து தொடங்கி மார்க்கெட் வரைக்கும் நான்தான் கதைச்சனான். இவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பழம் இறக்கேக்கையும் நான் கதைச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

எழுந்த கைதட்டலில் கிற்றார் கேட்கவில்லை. மாமி அது அடங்கும்வரை நிமிர்ந்து நின்றார். யாரும் கற்றுக்கொடுக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

அன்று மாலை நண்பன் பதிவேற்றத்தை நிறுத்திவைத்தான். மறுவாரம் மாமாவின் வீட்டுக்குப் போய், மாமியின் குரலைக் கடைசியில் இணைத்த பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினோம். ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பின்னர் கழற்றி நண்பனிடம் நீட்டினார்.

"இப்ப சரி," என்றார். "போடுங்கோ."