பல்லி சொல்லுக்கு ஒரு பட்டம்

புலியை ஆராய்ச்சி செய்கிறவனுக்குப் புலி ஒன்றுதான் தொல்லை. பல்லியை ஆராய்ச்சி செய்கிறவனுக்குப் பல்லியைத் தவிர பாக்கி எல்லாரும் தொல்லை.

அறுபதுகளில் பம்பாயில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தேன். பல்லி எதற்காகக் கத்துகிறது என்பது என் ஆராய்ச்சி. காடு மலையெல்லாம் எனக்கு வேண்டாம், அடுத்தவர் வீட்டுச் சுவரே போதும். மழைக்காலம் தொடங்கித் தீபாவளி வரை, விளக்கு வைத்ததும் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வீடு வீடாகப் போய் அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா இந்த ஒரு சீசனுக்குத்தான் சம்மதித்திருந்தார். அதற்குப் பிறகும் படிக்க வேண்டுமென்றால் புரொபசர் நேரில் வந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட். மாட்டுங்காவில் ஆணாய்ப் பிறந்தவன் தலையெழுத்து அது. அப்பாவுக்குப் பிடிக்காததைப் படித்து அவதிப்பட்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எந்தத் திக்கு?

மாடி வீட்டு அலமேலு மாமியின் சமையலறைதான் என் முதல் காடு. பல்லி கத்தியதும், பக்கத்தில் இன்னொரு பல்லி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். மாமி தோசைக் கரண்டியோடு வந்து, "எந்தத் திக்கிலேர்ந்து சொல்லித்து?" என்றாள். "அது தேவையில்லை மாமி" என்றேன். அன்றைக்கு எனக்குக் காபி இல்லை. மறுநாளும் இல்லை. வேறு வழியில்லாமல் திக்கையும் பார்க்க ஆரம்பித்தேன். சீசன் முடிவதற்குள் எந்த வீட்டில் எந்தப் பல்லி எந்த மூலை என்று எனக்கு அத்துப்படி.

காபி திரும்ப வந்த அன்று மாமி சொன்னாள்: "திக்கு தெரியாம என்னடா படிப்பு? பஞ்சாங்கத்துலேயே போட்டிருக்கே, உங்க காலேஜ்ல ஒருத்தரும் பாக்கலையா?"

எந்த பாஷை?

பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பில் சண்முகம் அண்ணாச்சியின் மளிகைக் கடை பல்லிகளுக்குச் சொர்க்கம். வெல்ல மூட்டைக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு நான் வருவேன். ஆண் பல்லி இன்னொரு ஆண் பல்லியிடம், 'இது என் சுவர், ஓடிப் போ' என்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று அண்ணாச்சிக்கு விளக்கினேன். பருப்பு நிறுத்தபடியே பொறுமையாகக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனுஷனாவது விஞ்ஞானத்துக்குக் காது கொடுக்கிறாரே!

தராசை வைத்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "அதெல்லாம் சரி தம்பி. இது இங்ஙன பம்பாயில பொறந்த பல்லில்லா? தமிழ்ல சொல்லுதா, இந்தியில சொல்லுதான்னு மொதல்ல பாத்துச் சொல்லுங்க."

ஒரு தடவை போதும்

எதிர் பில்டிங் வெங்கட்ராமன் மாமா தன் பெண்ணைப் பார்க்கப் பிள்ளை வீட்டார் வரும் நாளில் என்னையும் வரச் சொன்னார். பஜ்ஜிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது பல்லி. "அதைச் சொல்ல வைக்க என்னால் முடியாது மாமா, அது சொன்னால் கேட்பேன், அவ்வளவுதான்" என்றேன். நம்பவில்லை.

என் தோளில் கை போட்டுக்கொண்டு குழைந்தார்: "ரொம்ப வேண்டாம்டா அம்பி. 'பொண்ணு நன்னாப் பாடுவா'ன்னு நான் சொல்றச்சே ஒரே ஒரு தடவை போதும்."

தென்மேற்கு மூலை

சீசன் முடிந்தது. மராட்டியரான என் புரொபசர் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். வேலை பிரமாதம், இன்னும் ஒரு வருஷம் இருந்தால் தீசிஸ் முடிந்துவிடும், பல்லி நமக்காகக் கத்தவில்லை என்று உங்கள் பையன் நிரூபித்துவிட்டான் என்றார். கம்பெனியில் ஹெட் கிளார்க்கான அப்பா, "வெரி இன்ட்ரஸ்டிங் சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "நாளைக்கே டைப்ரைட்டிங்ல சேர்ந்துடு" என்றார்.

ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து, கிச் கிச் கிச்!

அப்பா நாற்காலிக் கையை விரலால் தட்டினார். சொன்னதைப் பல்லியே ஆமோதித்துவிட்டதாம், கேஸ் ஜெயித்த முகம். உள்ளே அம்மா தரையைத் தட்டுவது கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சீசன் முழுக்கக் கழுத்து வலிக்க உட்கார்ந்தது இதற்குத்தானா? "என்ன ஆச்சு?" என்று புரொபசர் விழித்தார். அதற்குள் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அப்பா, அது தென்மேற்கு மூலை."

அப்பாவின் விரல் நின்றது. எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழமையைப் பார்த்தார், திக்கைப் பார்த்தார், மறுபடி ட்யூப்லைட்டைப் பார்த்தார். "காரிய விக்னம்னு போட்டிருக்கு" என்றார், குரல் இறங்கிப்போய்.

கண்ணாடியைக் கழற்றினார்: "சரி, இன்னும் ஒரு வருஷம் படிச்சுத் தொலை. பல்லியே வேண்டாம்ங்கறப்போ நான் என்னடா பண்றது?"

பல்லி சொல்லுக்கு ஒரு பலனும் இல்லை என்று நிரூபித்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டமே பல்லி சொல்லின் பலன்தான் என்பதை மட்டும் தீசிஸில் சேர்க்கவில்லை.